ஊர் கேட்காத கேமரா

மேச்சேரியில் ஒரு கல்யாணம் என்று வைத்துக்கொள்வோம். தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை 6 மணிக்கு முகூர்த்தம். முதல் நாள் சனிக்கிழமை சாயங்காலம் வரவேற்பு. பேசி அமர்த்திய போட்டோக்காரர் மேடையடியில் நிற்கிறார். நியூ ஜெர்சியிலிருந்து வந்திறங்கிய பெண்ணின் அண்ணன் கழுத்தில் ஒரு கேமரா தொங்குகிறது. சிங்கப்பூர்ச் சித்தப்பா கையில் இன்னொன்று. கெட்டிமேளம் கொட்டியதும் மூன்று கேமராவும் ஒரே நொடியில் கண்ணிமைக்கின்றன.

மறுவாரம் மெமரி கார்டுகள் எல்லாம் ஆல்பம் செய்யும் கடைக்குப் போகின்றன. கடைக்காரர் மூன்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டி, எடுத்த நேரப்படி அடுக்கச் சொல்லிக் கம்ப்யூட்டருக்குக் கட்டளை இடுகிறார். அடுக்கி முடித்ததைப் பார்த்தால் தாலி மூன்று தடவை கட்டப்பட்டிருக்கிறது. முதல் தடவை சனிக்கிழமை இரவு ஏழரைக்கு. வரவேற்பு மேடையில் மாப்பிள்ளை கோட்டு சூட்டோடு கைகுலுக்கும் படத்துக்கு அடுத்த படத்திலேயே பட்டு வேட்டியோடு தாலி கட்டுகிறார். இரண்டாம் தடவை ஞாயிறு காலை 6 மணிக்கு, பத்திரிகையில் போட்டபடி. மூன்றாம் தடவை எட்டரைக்கு, சனமெல்லாம் பந்தியில் உட்கார்ந்து பொங்கலும் வடையும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில். மூன்று முடிச்சு ஊருக்குத் தெரிந்ததுதான். மூன்று முகூர்த்தம்தான் புதிது.

இதில் எந்தக் கேமராவும் பழுதில்லை. மூன்றும் தத்தம் ஊர் நேரத்தைச் சரியாகத்தான் சொல்லின. மேச்சேரியில் காலை 6 என்றால் நியூ ஜெர்சியில் முதல் நாள் இரவு 7:30, சிங்கப்பூரில் அன்றைய காலை 8:30. எந்த ஊர் நேரம் என்பதைத்தான் ஒன்றுமே எழுதி வைக்கவில்லை.

டிஜிட்டல் படம் ஒவ்வொன்றும் வண்ணப் புள்ளிகளோடு சேர்த்து ஒரு சிறு குறிப்பேட்டையும் சுமந்து வருகிறது. எக்ஸிஃப் என்று அதற்குப் பெயர். ஜப்பான் மின்னணுத் தொழில் வளர்ச்சிச் சங்கம் 1995-இல் இதன் முதல் வடிவத்தை வெளியிட்டது. கேமராவின் பெயர், லென்ஸின் திறப்பு, ஒளி விழுந்த நேர அளவு, ஃபிளாஷ் அடித்ததா இல்லையா என்று பலதும் அதில் பதிவாகும். எடுத்த நாளும் நேரமும் அவற்றில் ஒன்று. அதற்கு ஒதுக்கிய இடம் 20 பைட். ‘2025:02:02 06:00:14’ என்று 19 எழுத்து, முடிவைக் காட்ட ஒரு பைட். ஆண்டுக்கும் மாதத்துக்கும் நடுவிலும் முக்காற்புள்ளிதான். தேதியை இப்படி எழுதுகிறவர்களை வேறெங்கும் பார்ப்பது அரிது. 20 பைட்டில் ஆண்டு வந்துவிட்டது, விநாடியும் வந்துவிட்டது. ஊர் வரவில்லை.

ஜப்பான் முழுவதுக்கும் ஒரே நேரம். கோடை வந்தால் கடிகாரத்தை முன்னே தள்ளும் பழக்கமும் அங்கே 1951-க்குப் பிறகு இல்லை. அப்படிப்பட்ட நாட்டில் உட்கார்ந்து விதி எழுதியவர்களுக்கு ‘எந்த ஊர் நேரம்?’ என்ற கேள்வி உறைக்காமல் போனதில் வியப்பில்லை என்றே தோன்றுகிறது. இந்தியாவில் எழுதியிருந்தாலும் இதே கதைதான் நடந்திருக்கும். நமக்கும் ஒரே நேரம்தானே!

ஆனால் இந்தக் கேள்வியை மறக்காத ஒருவர் நம் கடைவீதியிலேயே இருக்கிறார். ஜோதிடர்.

ஜாதகம் எழுதப் போனால் அவர் கேட்பது மூன்று. பிறந்த தேதி, பிறந்த நேரம், பிறந்த ஊர். மூன்றாவதைச் சொல்லாவிட்டால் பேனாவைத் திறக்கமாட்டார். ஜாதகம் பலிக்குமா என்பது இந்த நூலின் வேலையல்ல. அவர் போடும் கணக்கு மட்டும் நமக்கு வேண்டும், ஏனென்றால் அது சுத்தமான வானியல்.

பூமி ஒரு பாகை திரும்ப 4 நிமிடம் ஆகிறது. இந்தியாவின் பொது நேரம் கிழக்கே 82.5 பாகையில் ஓடும் தீர்க்கரேகையை வைத்துக் கணித்தது, 82.5-ஐ நான்கால் பெருக்கினால் 330 நிமிடம், அதாவது ஐந்தரை மணி. கிரீன்விச் நேரத்தோடு அதைக் கூட்டினால் நம் கைக்கடிகாரம் காட்டும் நேரம் வரும். அந்த ரேகை உத்தரப் பிரதேசத்து மிர்சாபூர்ப் பக்கம் போகிறது. தமிழ்நாட்டில் ஒரு பிடி மண்ணைக்கூட அது தொடுவதில்லை. மேச்சேரியோ ஏறக்குறைய 77.95 பாகையில் இருக்கிறது. ரேகைக்கு மேற்கே நாலரைப் பாகை தள்ளி. ஆகவே மேச்சேரிச் சூரியன் கடிகாரத்துக்கு 18 நிமிடமும் சில விநாடியும் பின்தங்கித்தான் நடக்கிறான். 24 நிமிடம் ஒரு நாழிகை என்ற பழைய கணக்கில் சொன்னால் ஏறக்குறைய முக்கால் நாழிகை. அந்த முக்கால் நாழிகையைக் கழிக்காமல் ஜோதிடர் லக்னம் போடமாட்டார்.

அவருடைய கைப்புத்தகத்தில் இன்னொரு குறிப்பும் உண்டு. 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை பிறந்தவர்கள் சொல்லும் நேரத்தில் ஒரு மணியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியா முழுக்கக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டிருந்தது. நம் மண்ணிலும் ‘பகல் சேமிப்பு நேரம்’ மூன்று ஆண்டுக்கு மேல் ஓடியிருக்கிறது என்பது இன்று எண்பதைத் தாண்டிய சிலருக்கும் ஜோதிடர்களுக்கும்தான் நினைவிருக்கும். 1944-இல் சேலத்தில் ஒரு ஸ்டூடியோப் படத்தின் பின்பக்கம் யாராவது ‘காலை 9 மணி’ என்று மசியால் எழுதியிருந்தால், அது இன்றைய கணக்கில் 8 மணி.

அதற்கும் முன்னால் போனால் குழப்பம் இன்னும் சுவாரசியம். ஐந்தரை மணிக் கணக்கு 1906 ஜனவரி 1-இல்தான் வந்தது. அதுவரை இந்திய ரயில்கள் ஓடியது மெட்ராஸ் நேரத்தில். மெட்ராஸ் வானாய்வகத்தின் தீர்க்கரேகையை வைத்துக் கணித்த நேரம் அது. கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடமும் சில விநாடியும் முந்தியது. லாகூரில் ரயில் ஏறுகிறவரும் மெட்ராஸ் மணி பார்த்துத்தான் ஏறவேண்டியிருந்தது. 1906-இல் பொது நேரம் வந்த பிறகும் கல்கத்தா 1948 வரைக்கும், பம்பாய் 1955 வரைக்கும் தங்கள் தனி நேரத்தை விடவில்லை. மெட்ராஸ் அடம்பிடிக்கவில்லை, அதற்கு மாற்றம் ஒன்பது நிமிடம்தான்.

இந்தப் பழங்கதையின் பெரும்பகுதி இன்று ஒவ்வொரு செல்போனுக்குள்ளும் இருக்கிறது. கதையாகச் சொல்லவில்லை, உண்மையாகவே இருக்கிறது. உலகின் எந்தப் பகுதியில் எந்த நாளில் கடிகாரம் என்ன காட்டியது என்பதைத் தொகுத்த ஒரு தரவுத்தளத்தை அமெரிக்காவின் ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980-களில் தொடங்கினார். அவருக்குப் பிறகு பால் எகர்ட் அதைப் பேணி வருகிறார். ஆண்டிராய்டும் ஐஃபோனும் நேரக் கணக்குக்கு அதைத்தான் புரட்டுகின்றன. மெட்ராஸ் நேரத்தின் 5 மணி 21 நிமிடமும், போர்க்கால ஒரு மணியும் அதில் வரி வரியாக எழுதப்பட்டிருக்கின்றன. தரவுத்தளத்தில் நம் வலயத்தின் பெயர் ‘ஆசியா / கொல்கத்தா’. வலயத்தின் பெரிய நகரம் ஒன்றின் பெயரை வைப்பது அவர்கள் வழக்கம், தலைநகராக இருக்கவேண்டும் என்பதில்லை. விண்டோஸ் மட்டும் இதே நேரத்தை ‘சென்னை, கொல்கத்தா, மும்பை, புது தில்லி’ என்று பட்டியல் போடுகிறது. ஆங்கில அகர வரிசையின் புண்ணியத்தில் சென்னைக்கு முதலிடம்.

நியூ ஜெர்சி அண்ணனின் கேமராவுக்கு வருவோம். அதைத் திருத்துவது சுலபம் என்று நினைக்கலாம். பத்தரை மணியைக் கூட்டினால் தீர்ந்தது. தை மாதக் கல்யாணத்துக்கு அது சரி. ஆவணியில் கல்யாணம் நடந்திருந்தால் பத்தரை தவறு, ஒன்பதரை கூட்டவேண்டும். மேச்சேரி நகரவில்லை, நியூ ஜெர்சியும் நகரவில்லை. அமெரிக்கர்களின் கடிகாரம் நகர்ந்திருக்கிறது.

பகல் சேமிப்பு நேரத்தின் பின்னணி நம் ஊர்க்காரருக்கு எளிதில் பிடிபடாது. மேச்சேரியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணிக்கும் குறைவு. லண்டனில் அது ஏறக்குறைய ஒன்பது மணி. ஜூன் மாதத்தில் அங்கே ஊர் தூங்கிக்கொண்டிருக்கும்போதே வெயில் வந்துவிடும். அந்த வெயில் வீணாகிறதே என்று முதலில் கணக்குப் போட்டு எழுதியவர்களில் ஒருவர் நியூசிலாந்தின் ஜார்ஜ் ஹட்சன். வேலை முடிந்த பிறகு பூச்சி பிடிக்க வெளிச்சம் வேண்டும் என்பது அவர் கவலை; 1895-இல் இரண்டு மணி நேரம் தள்ளலாம் என்று யோசனை சொன்னார். 1907-இல் லண்டன் கட்டடக் காண்ட்ராக்டர் வில்லியம் வில்லெட் இதையே துண்டுப் புத்தகமாகப் போட்டார். இரண்டு பேரின் யோசனையும் அப்போது நடைமுறைக்கு வரவில்லை. முதல் உலகப் போரில் விளக்கெரிக்கும் எரிபொருளை மிச்சம் பிடிக்க 1916 ஏப்ரல் 30-இல் ஜெர்மனி நாடு முழுக்கக் கடிகாரத்தை முன்னே தள்ளியதும், சில வாரத்தில் எதிரி நாடான பிரிட்டனும் அதையே செய்தது.

இன்று அமெரிக்காவும் கனடாவின் பெரும்பகுதியும் மார்ச் இரண்டாம் ஞாயிறு அதிகாலை 2 மணிக்குக் கடிகாரத்தை 3 ஆக்குகின்றன. நவம்பர் முதல் ஞாயிறு அதே 2 மணியை மறுபடி 1 ஆக்குகின்றன. ஐரோப்பா மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் மாற்றுகிறது. ஆஸ்திரேலியாவில் சிட்னியும் மெல்போர்னும் அக்டோபரில் தள்ளி ஏப்ரலில் இழுக்கின்றன, பிரிஸ்பேன் எதையும் தொடுவதில்லை. மார்ச் மாதத்தில் இரண்டு மூன்று வாரம் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையே உள்ள தூரம் ஐந்து மணியிலிருந்து நான்காகிறது. மாசித் திருவிழாவுக்கு என்று பிப்ரவரிக் கடைசியில் நியூ ஜெர்சியிலிருந்து மேச்சேரிக்கு வந்து மார்ச் நடுவில் திரும்புகிற ஒருவரின் கேமராவில், கிளம்பிய அன்று சரியாக இருந்த நேரம் வீடு திரும்பும்போது ஒரு மணி பின்தங்கியிருக்கும். தானே மாற்றிக்கொள்ளும் அறிவு செல்போனுக்கு உண்டு. கேமராக்களில் பலவற்றுக்கு மெனுவுக்குள் போய் ‘கோடைக்கால நேரம்’ என்ற பொத்தானை மனிதர்தான் தட்டவேண்டும். தட்டுகிறவர் குறைவு.

மார்ச்சில் ஒரு மணி நேரம் காணாமல் போகிறது, அவ்வளவுதான். கடிகாரத்தில் இல்லாத நேரத்தை யாரும் படம் எடுக்க முடியாது. நவம்பர்தான் வில்லன். 2024-இல் தீபாவளி அக்டோபர் 31, வியாழன். கனடாவில் அன்று வேலைநாள். டொராண்டோத் தமிழ்க் குடும்பம் ஒன்று நண்பர்களோடு சனிக்கிழமை இரவு கொண்டாடி நள்ளிரவு தாண்டியும் படம் எடுத்துக்கொண்டிருந்தால், அந்த ராத்திரியில் 1 மணி முதல் 2 மணி வரையான நேரம் இரண்டு தடவை வந்திருக்கும். 1:50-க்கு விருந்தாளிகள் விடைபெற்றுக் காரில் ஏறுகிறார்கள். முக்கால் மணி கழித்து வீட்டுக்காரர் செல்போனில் காலி அறையைப் படம் எடுக்கிறார். கேமரா 1:35 என்கிறது. நேரப்படி அடுக்கினால் காலி அறைக்குள்ளிருந்து விருந்தாளிகள் கிளம்பி வருவார்கள். எத்தனை மணியைக் கூட்டினாலும் கழித்தாலும் இந்தச் சிக்கல் அவிழாது. இரண்டு 1:35-இல் இது எது என்பதை அந்த 20 பைட் சொல்லவே சொல்லாது.

கூட்டல் கழித்தல் தவறினால் ஆல்பம் மட்டும் குழம்பும் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் பத்து ஆண்டுக் காலம் இந்த அரை மணி, ஒரு மணிக் கணக்கு சிரிக்கும் விஷயமாக இருக்கவில்லை.

1996-இல் இலங்கையில் மழை பொய்த்து நீர்மின் அணைகள் வற்றின. மின்சாரத்தை மிச்சப்படுத்த அரசு மே 25-இல் நாட்டுக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளியது. கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்தியிருந்த நேரம் ஆறரை ஆயிற்று. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருட்டில் புறப்பட வேண்டி வந்தது. அக்டோபர் 26-இல் அரை மணியைத் திருப்பிக் கொடுத்து ஆறு மணியில் நிறுத்தினார்கள். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வடக்குப் பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே பழைய ஐந்தரையே ஓடியது. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு ஏ9 சாலை திறந்து, ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டி வன்னிக்குள் போனவர் கைக்கடிகாரத்தை அரை மணி பின்னுக்குத் திருப்ப வேண்டும். தீவு ஒன்று, நேரம் இரண்டு. ‘பத்து மணிக்குக் கூட்டம்’ என்றால் பழைய நேரமா புதிய நேரமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த ஆண்டுகளில்தான் டிஜிட்டல் கேமரா பரவியது. 2004 டிசம்பர் 26-இல் சுமத்ரா அருகே கடலடியில் பூமி பிளந்தபோது கிரீன்விச் கணக்கில் நேரம் 00:58:53. நாகப்பட்டினத்தில் அப்போது காலை 6:28. மட்டக்களப்பில் 6:58. புலிகள் வசமிருந்த முல்லைத்தீவில் மறுபடி 6:28. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு இலங்கைத் தென்கரையில் தங்கியிருந்த ஜெர்மன் பயணியின் கேமரா வீட்டு நேரத்திலேயே இருந்திருந்தால் அதிகாலை 1:58. அன்று காலையில் எடுத்த படம் ஒவ்வொன்றின் குறிப்பேட்டிலும் இப்படி ஏதோ ஓர் ஊர் நேரம் இருந்திருக்கும். எது என்று எழுதியிருக்காது. அலை எந்தக் கரையை எந்த நிமிடத்தில் தொட்டது என்று படங்களை வைத்துக் கணக்கிட உட்கார்ந்தால், அரை மணி என்பது ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையிலான தூரமே மாறிப்போகிற அளவு பெரிது. ஆழ்கடலில் சுனாமி மணிக்கு 700, 800 கிலோமீட்டர் ஓடக்கூடியது.

2006 ஏப்ரல் 15-இல், சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு, இலங்கை மறுபடி ஐந்தரைக்குத் திரும்பியது. பத்து ஆண்டுக்குப் பிறகு கொழும்பும் கிளிநொச்சியும் ஒரே மணியைப் பார்த்தன. போர் மட்டும் அந்த ஆண்டிலேயே மறுபடி மூண்டது.

ஊரைக் கேட்காத இந்தக் குறை வெளியே தெரியாமல் இல்லை. செயற்கைக்கோளைப் பார்த்து இடம் கண்டுபிடிக்கும் ஜிபிஎஸ் வசதிக்காக, அகலாங்கு நெட்டாங்கோடு உலகப் பொது நேரத்தையும் எழுத எக்ஸிஃப்பில் தனி இடம் ஒதுக்கினார்கள். அதிலும் ஒரு வேடிக்கை காத்திருந்தது. முகூர்த்தம் 6 மணிக்கு இல்லாமல் பிரம்ம முகூர்த்தத்தில் 5:10-க்கு என்றால், கிரீன்விச்சில் அப்போது முதல் நாள் இரவு 11:40. ஒரே படத்துக்குள் ஓர் இடத்தில் பிப்ரவரி 2, இன்னோர் இடத்தில் பிப்ரவரி 1. நம் நாட்டில் நள்ளிரவு முதல் காலை ஐந்தரைக்குள் எடுத்து, ஜிபிஎஸ் நேரமும் பதிவான படம் எல்லாவற்றுக்கும் இந்த இரட்டைத் தேதி உண்டு. விவரம் தெரியாதவர் பார்த்தால் படம் போலி என்று சாதிப்பார்.

காலை ஐந்தரை என்பது இந்தியர்களுக்கு இன்னொரு வகையிலும் பழகிய நேரம். பழுதான கோப்பு ஒன்று 1970 ஜனவரி 1, காலை 5:30-இல் உண்டானதாகச் சொல்வதைப் பலர் செல்போனில் பார்த்திருப்பார்கள். கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை 1970 ஜனவரி 1 கிரீன்விச் நள்ளிரவிலிருந்து விநாடிகளை எண்ணுகின்றன. தேதி தொலைந்து எண் பூஜ்யமானால் நமக்கு ஐந்தரை விடிகிறது. அமெரிக்கருக்கு அதே பூஜ்யம் 1969 டிசம்பர் 31 சாயங்காலம். வீடியோவுக்கு வேறு பஞ்சாங்கம்: எம்பி4 கோப்பு 1904 ஜனவரி 1-இலிருந்து எண்ணுகிறது, அதுவும் உலகப் பொது நேரத்தில். சில கேமராக்கள் விதியை மதிக்காமல் அதிலும் உள்ளூர் நேரத்தையே எழுதிவிடும். அதனால்தான் சில ஆல்பங்களில் நாதஸ்வர வீடியோ ஒரு பக்கமும் நாதஸ்வரக்காரர் படம் ஐந்தரை மணி தள்ளி இன்னொரு பக்கமும் கிடக்கின்றன.

மெமரி கார்டும் தன் பங்குக்கு ஒரு கடிகாரம் வைத்திருக்கிறது. கார்டுகளில் நெடுங்காலம் இருந்துவந்த ஃபேட் என்ற கோப்பு முறை 1980-இலிருந்துதான் தேதி தெரியும் ஜாதி. விநாடியையும் இரண்டிரண்டாகத்தான் எண்ணும். அதுவும் உள்ளூர் நேரத்தையே ஊர் பெயர் இல்லாமல் எழுதிக்கொள்ளும். பேட்டரி செத்துப்போன சில கேமராக்களின் படங்கள் 1980 ஜனவரி 1-இல் எடுத்ததாக நிற்பது இந்த வழியாகத்தான்.

எடுத்த நேரத்தோடு ‘+05:30’ என்று ஆறு எழுத்தைச் சேர்த்து எழுத எக்ஸிஃப்பில் ஓர் இடம் 2016 ஜூலையில் வந்த 2.31 பதிப்பில்தான் கிடைத்தது. 1995-இலிருந்து எண்ணினால் 21 ஆண்டு. ஜோதிடரின் மூன்றாவது கேள்வி கேமராக் கம்பெனிகளின் காதில் விழ அவ்வளவு காலம் ஆயிற்று. இன்றைய செல்போன்களில் பெரும்பாலானவை அதை எழுதுகின்றன. தோளில் தொங்கும் பெரிய கேமராக்களிலும் புதியவை எழுதுகின்றன, ஆனால் மெனுவில் எந்த ஊர் தேர்ந்திருக்கிறதோ அந்த ஊரின் எண்ணை. மேச்சேரி மண்டபத்தில் நின்றுகொண்டு நியூயார்க் என்று தேர்ந்திருந்தால் அது மரியாதையாக ‘-05:00’ என்று எழுதிவிடும். அப்போதும் நஷ்டமில்லை. எந்த ஊர் கணக்கு என்று தெரிந்துவிட்டால் கம்ப்யூட்டர் சரியாக அடுக்கிக்கொள்ளும்.

எழுதியதைத் துடைத்துவிடும் வழிகளும் உண்டு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் குறிப்பேடு மொத்தமும் கழன்றுவிடும். கோப்பின் பெயரில் தேதி மட்டும் மிஞ்சும், அதுவும் எடுத்த தேதியாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆவணமாக அனுப்பினால் தப்பிக்கும். கல்யாணப் படம் கேட்கும் உறவினரிடம் ‘டாக்குமெண்டாப் போடுங்க’ என்று போட்டோக்காரர்கள் சொல்வது படத்தின் தெளிவுக்காக. நேரமும் கூடவே பிழைத்துவிடுகிறது.

கல்யாண வேலையில் ஊறியவர்கள் இதற்கெல்லாம் காத்திருப்பதில்லை. முகூர்த்தத்துக்கு முன்னால் எல்லாக் கேமராவையும் ஒரே செல்போனின் கடிகாரத் திரைக்கு நேரே பிடித்து ஆளுக்கு ஒரு படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு அந்தப் படத்தில் தெரியும் நேரத்துக்கும் கேமரா எழுதிய நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து, அந்தக் கார்டில் உள்ள படங்கள் அனைத்தையும் ஒரே தட்டில் நகர்த்திவிடலாம். கனடாவின் ஃபில் ஹார்வி 2003-இல் எழுதி இலவசமாகக் கொடுத்த எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருள் ஆயிரம் படத்தின் நேரத்தைச் சில விநாடிகளில் தள்ளி வைத்துவிடும். வலயக் குழப்பத்தோடு கேமராக் கடிகாரம் மாதத்துக்குப் பத்துப் பதினைந்து விநாடி ஓடியோ நொண்டியோ சேர்த்த பிசகும் அதே கழித்தலில் அடிபட்டுப் போகும்.

மேச்சேரி வட்டாரத்துக் கிராமங்களில் படத்தின் நேரம் கூலியோடு சம்பந்தப்பட்ட விஷயமாகவும் ஆகியிருக்கிறது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் வருகைப் பதிவுக்காக மத்திய அரசு 2021-இல் ஒரு செல்போன் செயலியைக் கொண்டுவந்தது. 2023 ஜனவரி 1 முதல் அது கட்டாயமாயிற்று. பணித்தளப் பொறுப்பாளர் நாளுக்கு இரண்டு தடவை ஆட்களை நிறுத்திப் படம் எடுத்து, இடமும் நேரமும் முத்திரையாகப் பதித்து ஏற்ற வேண்டியிருந்தது. இரண்டாவது படம் ஏறாவிட்டால் வருகையே கேள்விக்குறியானது. ஏரிக்கரையில் சிக்னல் தேடி செல்போனைத் தூக்கிப் பிடித்து நிற்பதும் வேலையில் ஒரு பகுதியாயிற்று.

அரசு அலுவலகங்களில் ஜிபிஎஸ் மேப் கேமரா என்ற செயலிக்கும் இதே காலத்தில் வாழ்வு வந்தது. சாக்கடை தூர்வாரினாலும் மரக்கன்று நட்டாலும் அதில் எடுத்த படத்தைத்தான் மேலதிகாரி கேட்கிறார். படத்தின் அடியில் சின்ன வரைபடம், ஊர், மாவட்டம், அகலாங்கு, நெட்டாங்கு, தேதி, நேரம், கடைசியில் ‘ஜிஎம்டி +05:30’. எக்ஸிஃப் மறந்துபோன ஊரை இது படத்தின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதிவிடுகிறது. அந்தக் கடைசி எண் எதற்கு என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. ஆனால் அது இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் படத்தை அனுப்புகிறார்கள்.

எழுதி வைத்த எதையும் நம்ப முடியாத நேரத்தில் படத்துக்குள்ளேயே ஒரு கடிகாரம் கிடைக்கக்கூடும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ், நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரின் கல்லறைத் தோட்டத்துக்கு மேல் நிலவு எழும் காட்சியை எடுத்தார். உலகப் புகழ்பெற்ற அந்தப் படத்தை எடுத்த தேதியை அவர் குறித்து வைக்கவில்லை. கேட்கும்போதெல்லாம் ஒவ்வோர் ஆண்டைச் சொன்னார். வானியல் எழுத்தாளர் டென்னிஸ் டி சிக்கோ அதே இடத்தில் நின்று, படத்தில் நிலவு நிற்கும் உயரத்தை அளந்து, 1941 நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம் 20 விநாடி என்று 1991-இல் கண்டுபிடித்துச் சொன்னார். விநாடி வரைக்கும் சொன்னது ஒரு நிலவும் சில மலைகளும்.

மேச்சேரியில் நிலவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, வெயில் போதும். ஏப்ரல் 20-ஐ ஒட்டிய ஓரிரு நாளிலும் ஆகஸ்ட் 22-ஐ ஒட்டியும் நடுப்பகலில் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே வருகிறான். ஏப்ரலில் அந்தக் கணம் 12:17 வாக்கில். பத்ரகாளியம்மன் கோயில் பக்கம் செங்குத்தாக நடப்பட்ட கம்பம் எதுவானாலும் அப்போது தன் நிழலைக் காலடியில் மடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் தள்ளிப் பார்த்தால் பத்தடிக் கம்பத்துக்கு இரண்டரை அடி நிழல் கிழக்கே விழுந்திருக்கும். அன்று நியூ ஜெர்சிக் கேமரா எழுதிய நேரத்தோடு ஒன்பதரை மணியைக் கூட்டி 12:17 வந்து, நிழல் இரண்டரை அடி கிழக்கே நீண்டிருந்தால், யாரோ பகல் சேமிப்புப் பொத்தானைத் தட்ட மறந்திருக்கிறார்கள். நாள் மாறினால் கணக்கும் மாறும்: பூமியின் பாதை முழு வட்டமில்லை, அச்சும் சாய்ந்தது என்பதால் மேச்சேரி உச்சிவேளை பிப்ரவரி நடுவில் 12:32 வரை தாமதிக்கும், நவம்பர் தொடக்கத்தில் 12:02-க்கே வந்துவிடும்.

மண்டபத்துக்குள் நிழல் விழாது. ஆல்பம் கடைக்காரருக்கு வேறு துப்பு வேண்டும். நியூ ஜெர்சி அண்ணன் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே போனால் ஏதாவது ஒன்றில், மணப்பெண்ணின் தோளுக்குப் பின்னால், சுவரில் மாட்டிய மண்டபத்துக் கடிகாரம் அகப்படும். முள் 6:15-இல் நிற்கிறது. கேமரா 19:40 என்கிறது. கழித்துப் பார்த்தால் பத்து மணி முப்பத்தைந்து நிமிடம். உலகத்தில் அப்படி ஒரு வலய வித்தியாசம் கிடையாது. நேரமாகிவிட்டது என்று வாத்தியாரை அவசரப்படுத்த, மண்டபத்துக்காரர் கடிகாரத்தை ஐந்து நிமிடம் முன்னே தள்ளி வைத்திருக்கிறார்.